ஒட்டகத்துக்கு வந்த பதில்

அன்பு மகளுக்கு, முன்பின் தெரியாதவர்களின் இயந்திரங்களையெல்லாம் சுவர் நிறையத் திரை வைத்துக் காவல் காக்கும் மகாராணிக்கு,

சித்தப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் சித்தியும் நலமாக இருக்கிறோம். அங்கே நீ நலமா என்று இந்தத் தடவை கேட்கப்போவதில்லை, ஏனென்றால் கேட்டால் உடனே பதில் வந்துவிடுகிறது, அந்தப் பதில்தான் இப்போது என் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது. போனில் நாலு எழுத்தைத் தட்டிவிடாமல் மனுஷன் எதற்குக் காகிதமும் பேனாவும் எடுத்தான் என்று நினைப்பாய். பேனாவைத் தேடியதே தனிக் காவியம். வீட்டிலிருந்த பேனாக்கள் அத்தனையும் காய்ந்து செத்துக் கிடந்தன, அதில் ஒன்றை வெந்நீரில் முக்கி உதறி, சித்தியின் புது மேசைவிரிப்பில் நீல நிறத்தில் ஒரு கண்டத்தின் வரைபடத்தையே போட்ட பிறகுதான் அது எழுத ஆரம்பித்தது. சித்தி இன்னும் அந்தக் கண்டத்தைக் கண்டுபிடிக்கவில்லை, அதன் மேல்தான் காகிதத்தை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தினமும் காலையில் எங்களுக்குச் செய்தி அனுப்புவது நீதானா, இல்லை உன் பேரை வைத்துக்கொண்டு வேறு ஏதாவது அனுப்புகிறதா, அப்படியானால் நீ எங்கே, என்ன ஆனாய், இது எனக்குத் தெரிந்தாக வேண்டும். அது தெரியும்வரை நான் போனை நம்புவதாக இல்லை.

கிழவனுக்குச் சந்தேகப் புத்தி என்று சிரிக்காதே. சந்தேகப்படுவதற்காகவே அரசாங்கம் சம்பளம் கொடுத்து வைத்திருந்த ஆள் நான். வேலையில் சேர்ந்ததிலிருந்து ஓய்வு பெறும்வரை கடை கடையாக ஏறி அவரவர் தராசைச் சோதித்தவன், என் தலை தெருமுனையில் தெரிந்தாலே பாதிக் கடைகளின் தராசுகளுக்குக் காய்ச்சல் வந்துவிடும். உன் அம்மா வெள்ளைக் குதிரை ஏறிப் போன பிறகு, மேசை உயரம்கூட இல்லாத உன்னைப் பள்ளிக்கூட விடுமுறையில் வேறு எங்கே விடுவது என்று தெரியாமல் கடைகளுக்கும் கூட்டிக்கொண்டு போவேனே, ஞாபகம் இருக்கும். அப்போது உனக்கு ஒன்று காட்டினேன். நல்ல தராசின் முள் ஆடும். கல்லை வைத்ததும் இந்தப் பக்கம் போய், அந்தப் பக்கம் போய், வெட்கப்பட்டு, யோசித்து, கடைசியில்தான் ஓரிடத்தில் நிற்கும். வைத்தவுடனே டக்கென்று சரியான இடத்தில் போய் நிற்கிற முள்ளைப் பார்த்தால் கடைக்காரரின் முகத்தைப் பார் என்று சொன்னேன். நீ கடைக்காரரின் முகத்தைப் பார்த்து, வேர்க்குது சித்தப்பா என்று சத்தமாகச் சொல்லி என் மானத்தை வாங்கினாய். இப்போது உன் செய்தி அப்படித்தான் வருகிறது மகளே. ஆடவே இல்லை. தினமும் நான் வாயில் பிரஷ்ஷோடு கண்ணாடி முன்னால் நிற்கும்போது, "சாப்பிட்டீங்களா சித்தப்பா?" வாயில் நுரை இருக்கும்போது எவன் சாப்பிடுவான்? இந்தத் தெருவில் இருப்பவர்கள் அதைக் கேட்டுக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம், அவ்வளவு ஒழுங்கு. பள்ளிக்கூடத்துக்கு ஒருநாளாவது நேரத்துக்குக் கிளம்பியிருப்பாயா நீ? ஒரு காலில் ஷூவோடும் ஒரு காலில் சோப்பு நுரையோடும் படியிறங்கிய பிறவிக்கு இவ்வளவு ஒழுங்கு எங்கிருந்து வந்தது?

வீட்டுச் சேதிகளைச் சொன்னால்தான் நான் ஏன் இப்படி ஆனேன் என்று புரியும். இப்போது இங்கே எதையும் கையால் தொட்டுத் திறக்க முடியாது, எல்லாவற்றுக்கும் போனைக் காட்ட வேண்டும். குழாயில் தண்ணீர் வருமா என்று குழாயைத் திறந்து பார்ப்பது மரியாதைக் குறைவு, போனைப் பார்க்க வேண்டும். தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது என்று போன் சொல்கிறது, குழாய் இருமுகிறது, இருவரில் யார் சொல்வது பொய் என்று உன் சித்தியிடம் கேட்டால் குழாயைத்தான் சந்தேகப்படுகிறாள். பஸ் நிறுத்தத்தில் புதிதாக ஒரு திரை மாட்டியிருக்கிறார்கள், அதில் பஸ் இதோ வந்துவிட்டது இதோ வந்துவிட்டது என்று எழுத்து ஓடுகிறது, அதை நம்பி நின்ற ஒருவருக்கு அங்கேயே தாடி முளைத்து நரைத்துப் போனதை நான் கண்ணால் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் முன்பு நெஞ்சு வலிக்கிறது என்று சொன்னால் உட்காரச் சொல்வார்கள், இப்போது வாசலில் நிற்கிற பெட்டியிடம் போய்ச் சொல்ல வேண்டும், அது என்னிடம் நான் மனிதன்தானா என்று கேட்கிறது. இத்தனைக்கும் மேலே ஒரு அம்மணி இருக்கிறாள். பாங்குக்குப் போன் செய்தால் அவள்தான் எடுக்கிறாள், மின்சார ஆபீஸுக்குச் செய்தாலும் அவள்தான், ஆஸ்பத்திரிக்கும் அவள்தான், உன்னைக் கூப்பிட்டால் நீங்கள் அழைத்த நபரைத் தற்போது தொடர்புகொள்ள முடியவில்லை என்று சொல்பவளும் அவளேதான். அதே குரல், அதே இனிப்பு, கோபமே வராது. ஒருமுறை அவளைச் சோதிப்பதற்காகக் காதைப் பொத்த வேண்டிய வார்த்தைகளாகச் சொல்லிப் பார்த்தேன், உங்கள் பொறுமைக்கு நன்றி என்றாள். உலகத்தையே அவள்தான் ஆள்கிறாள், பிரதமர்களும் ராஜாக்களும் சும்மா ஒப்புக்கு என்பது என் ஆராய்ச்சி முடிவு. உன் சித்திக்கு மட்டும் அவளை ரொம்பப் பிடிக்கும். இந்த வீட்டுல என்கிட்ட மரியாதையா பேசுறது அவ ஒருத்திதான் என்று என் காதில் விழும்படி சொல்கிறாள்.

இப்படி இருக்கும்போது எங்கள் தெருவைத் தோண்டினார்கள். இன்னும் வேகமான கேபிள் புதைக்கப்போகிறோம் என்று சொல்லித்தான் தோண்டினார்கள். மஞ்சள் நிறத்தில் யானை மாதிரி ஒரு இயந்திரம் வந்து குனிந்து ஒரே வாய்தான் கடித்தது, மின்சாரம், தண்ணீர், போன் மூன்றும் ஒரே நேரத்தில் அதன் தொண்டைக்குள் போய்விட்டன. அவர்கள் தோண்டிய ஆழத்தைப் பார்த்தால் பூமியின் மறுபக்கம் வழியாக எட்டி, நீ பால்கனியில் துணி காயப்போடுவதையே பார்த்திருப்பார்கள் என்று தோன்றியது. வெளியே வந்த தண்ணீரில் லாண்டிரிக்காரர் கடைப் படி முழுகிவிட்டது, எங்கள் வீட்டுக் குழாயில் ஒரு சொட்டு கிடையாது. எங்களுக்குக் கீழ்த்தளத்தில் சலவைக் கடை வைத்திருப்பவர், உன் கறுப்புக் கோட்டை நீ கிளம்பும்போது வெளுத்துக் கொடுத்தாரே, அவர்தான். கதவுக்கு மாட்டியிருக்கும் புதுப் பூட்டு மின்சாரம் இல்லாமல் திறக்க மறுத்ததால் நானும் உன் சித்தியும் பின்பக்கத்து இரும்புப் படி வழியாகத் திருடர்கள் மாதிரி போய் வந்துகொண்டிருந்தோம். போன் முதல் நாளே கண்ணை மூடிவிட்டது. பாங்கு திறக்கவில்லை, கடையில் போன் இல்லாமல் பொருள் தர வழி தெரியவில்லை, லாண்டிரிக்காரர் எங்கிருந்தோ வாங்கி வந்த ரொட்டியைத்தான் இரண்டு வேளை தின்றோம். ஒரு வேளை அதுவும் இல்லை. சித்திக்குத் தலைசுற்றல் வந்து சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள், ஆம்புலன்ஸைக் கூப்பிட வழியில்லாமல் நான் பக்கத்தில் உட்கார்ந்து காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தேன். பயப்படாதே, இப்போது எழுந்து நடமாடி என்னைத் திட்டும் அளவுக்குத் தேறிவிட்டாள். அப்போது அவளுடைய கவலையெல்லாம் உன்னைப் பற்றித்தான். நம்மகிட்டேருந்து சேதி இல்லைன்னா புள்ள அங்க துடிச்சுப் போயிடுமே என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

மின்சாரம் வந்ததும் போனுக்கு உயிர் கொடுத்தோம். நீ பதறி அனுப்பிய செய்திகள் மழையாகக் கொட்டும் என்று சித்தி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு தயாராக இருந்தாள். திரையில் என்ன இருந்தது தெரியுமா? சாப்பிட்டீங்களா சித்தப்பா என்று நீ கேட்டிருக்கிறாய். அதற்குக் கீழே, சாப்பிட்டோம் கண்ணு, நீ சாப்பிட்டியா என்று நாங்கள் பதில் சொல்லியிருக்கிறோம். சாப்பிட்டேன் சித்தப்பா, மருந்து மறக்காதீங்க என்று நீ. மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும் அதே. நாங்கள் பட்டினியாகத் தரையில் உட்கார்ந்திருந்த அன்றுகூட வயிறாரச் சாப்பிட்டதாக உன்னிடம் சொல்லியிருக்கிறோம். சித்தி நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை ஒரு குண்டு பல்பில் செலுத்தினால் தெரு முழுக்க வெளிச்சம் வரும். இதில் என் பங்கு கொஞ்சம் உண்டு. ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி நான் தட்டுவதற்குள் நீ பதில் வரவில்லையே என்று பதறுகிறாய் என்பதற்காக, முனைக்கடைப் போன் ரிப்பேர்க்காரரிடம், கண்ணில் லென்ஸ் மாட்டிக்கொண்டு குனிந்தே இருப்பதால் எல்லாரும் டாக்டர் என்று கூப்பிடுகிறார்களே அவரிடம், நீ கேட்டால் தானாகப் பதில் போகும்படி செய்து வாங்கியிருந்தேன். போன் செத்துக் கிடந்தபோது எப்படிப் போச்சு டாக்டர் என்றால், அது உங்க போன்ல இல்ல சார், அது பாட்டுக்கு மேல இருக்கு என்று கையை ஆகாயத்துக்குக் காட்டுகிறார். அந்த ஒரு கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும்படி வைத்தாராம், இல்லையென்றால் இரண்டு பக்கமும் விடாமல் பேசி உலகம் அழியும்வரை விசாரித்துக்கொண்டே இருந்திருக்கும் என்றார். இரண்டு பக்கமுமா என்று கேட்டேன். அவர் லென்ஸைக் கழற்றிவிட்டு, உங்க பொண்ணு பக்கத்தையும் பார்த்தா அப்படித்தான் சார் தெரியுது என்றார்.

அன்றைக்கு வந்து உட்கார்ந்த சந்தேகம்தான் மகளே. நான் வைத்த பொம்மையை அவிழ்த்துவிடச் சொல்லிவிட்டு, என் விரலாலேயே உனக்கு ஒரு செய்தி அனுப்பினேன். நம் வீட்டுக்குள் ஒரு ஒட்டகம் வந்துவிட்டது, சித்தி அதன் மேல் ஏறிப் போய்விட்டாள், எப்போது திரும்புவாள் என்று தெரியவில்லை. இதை எழுதுவதற்கு அரை நாள் ஆயிற்று, ஒட்டகத்துக்கு மட்டும் நாலு தடவை அழித்து எழுதினேன். உயிருள்ள எவளாக இருந்தாலும் குறைந்தபட்சம் எந்தக் கடைக்கு என்றாவது கேட்பாள். அடுத்த நொடியில் பதில் வந்தது. "சாப்பிட்டேன் சித்தப்பா, மருந்து மறக்காதீங்க." ஒட்டகத்தையா என்று நான் உரக்கக் கேட்டது லாண்டிரி வரைக்கும் கேட்டிருக்கும். முதலில் சிரித்தேன், நிஜமாகவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சித்தி சிரிக்கவில்லை. அப்ப இத்தனை நாளா யார்கிட்ட பேசிட்டு இருந்தோம் என்று கேட்டாள். வாரம் ஒருமுறை பேசுவாயே, அதுவும் நின்று வெகு நாளாகிவிட்டது, வேலை அதிகம் அடுத்த வாரம் பேசறேன் என்று அதற்கும் மாறாத ஒரே வாசகம். உடனே உன்னைக் கூப்பிட்டோம். இங்கே போன் கோபுரம் இன்னும் முக்கி முனகிக்கொண்டுதான் இருக்கிறது, எழுத்து போகிறது, குரல் போவதில்லை. அம்மணிதான் எடுத்தாள். மறுபடி கூப்பிட்டோம், மறுபடியும் அவள்தான். சித்தி என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, நீ கொஞ்சம் தள்ளும்மா, என் பொண்ணைக் கூப்பிடு என்று அவளிடமே கெஞ்சினாள். இவ்வளவு நாள் சித்தி கொஞ்சிக் குலாவியதற்காகவாவது அந்த அம்மணி ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லக்கூடாதா?

அதன் பிறகு என் மண்டைக்குள் ஓடியதையெல்லாம் எழுதினால் நீ அடுத்த விமானத்தில் ஏறிவிடுவாய். காய்ச்சலில் கிடக்கிறாயோ, வேலை போய்விட்டதோ, யாராவது உன் போனைத் திருடிக்கொண்டு போய் எங்கள் மேல் பாசமாக இருக்கிறார்களோ. எந்தத் திருடன் மருந்து மறக்காதே என்பான் என்று கேட்டுப் பார்த்தேன், படித்த திருடன் சொல்லுவான் என்கிறாள் சித்தி. கடைசியில் என் தொழில் முறைக்கே வந்தேன். முள்ளில் ஆணி அடித்திருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் மேலே கல்லை ஏற்றிக்கொண்டே போகக்கூடாது, இருக்கிற கல்லை எடுத்துவிட வேண்டும். நல்ல முள்ளாக இருந்தால் துள்ளி விழும். ஆணி அடித்த முள் அங்கேயே சிரித்துக்கொண்டு நிற்கும். ஆகவே நாங்கள் பதில் சொல்வதை நிறுத்திவிட்டோம். சித்தி முதலில் ஒப்புக்கொள்ளவில்லை, புள்ளைய பயமுறுத்திப் பார்க்கிறதுக்கு நீங்க என்ன மனுஷனா என்று கேட்டாள், பிறகு அவளே போனை எடுத்து ஊறுகாய் ஜாடியில் சாத்தி வைத்துவிட்டு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். நாங்கள் சும்மா இருந்த முதல் காலை, சாப்பிட்டீங்களா சித்தப்பா. மறுநாளும் சாப்பிட்டீங்களா சித்தப்பா. நாம செத்துக் கிடந்தாலும் இது இப்படித்தான் கேட்டுக்கிட்டு இருக்குமா என்று சித்தி கேட்டாள், கேட்டுவிட்டு அவளே எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள், கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். முள் விழவில்லை மகளே.

நேற்று தபால் ஆபீஸுக்குப் போய் இந்தக் கடிதத்துக்கு உறை வாங்கி வந்தேன். இதையாவது மனிதக் கையால் கொண்டுபோய் உன் கையில் கொடுப்பார்கள் என்ற நம்பிக்கையில் போனால், கவுண்டரில் இருந்தவர் முதலில் போன் நம்பர் கேட்கிறார். எதற்கு என்றேன். கடிதம் போய்ச் சேர்ந்ததும் உங்க போனுக்கு மெசேஜ் வரும் சார் என்றார். அந்த மெசேஜ் போய்ச் சேர்ந்ததா என்று யார் சார் கடிதம் போடுவார்கள் என்று கேட்டேன், பின்னால் நின்ற வரிசை முழுக்கச் சிரித்தது, அவர் மட்டும் அதற்கும் ஒரு வசதி இருக்கிறது என்றார். இந்தக் கடிதம் வந்ததும் உன் கையாலேயே பதில் எழுது. அழகாக எழுத முயற்சி செய்யாதே, உன் எழுத்து கோழி நடந்துபோன மாதிரி இருக்கும், அப்படி இருந்தால்தான் நம்புவேன். கூடவே எனக்கும் உனக்கும் மட்டும் தெரிந்த ஒன்றை எழுது, இயந்திரத்துக்குத் தெரியாத ஒன்றாக இருக்க வேண்டும், எதை வேண்டுமானாலும் எழுது, நான்

மேலே பாதியில் நிற்கிற வரியை அப்படியே விட்டிருக்கிறேன், அடிக்கவில்லை. அந்த நேரத்தில்தான் சமையலறை ஜன்னல் உடைகிற மாதிரி யாரோ தட்டினார்கள். போய்ப் பார்த்தால் பின்பக்கத்து இரும்புப் படியில் லாண்டிரிக்காரர், கழுத்தில் அளவு நாடாவும் கையில் யாருடையதோ பாதி இஸ்திரி போட்ட சட்டையுமாக மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறார். முன் வாசல் இருக்கும்போது ஏன் ஐயா குரங்கு மாதிரி இப்படி என்று கேட்பதற்குள் அவரே சொன்னார், அப்படித்தான் வரச் சொன்னது உங்க பொண்ணு, மத்தியானத்துல முன் கதவைத் தட்டினா சித்தப்பா வீட்டுல யாரும் இல்லாத மாதிரி மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருப்பாரு, பின்னால போய்ச் சமையல்கட்டு ஜன்னலைத் தட்டுங்கன்னு சொன்னது, கடையில இருக்கிற பழைய கம்பிப் போன்ல லைன்ல இருக்கு, அழுதுகிட்டு இருக்கு.

மகளே, அந்தப் படியில் நான் எப்படி இறங்கினேன் என்று எனக்கே தெரியாது. ஒலிம்பிக்கில் அப்படி இறங்குவதற்கு ஒரு போட்டி இருந்தால் தங்கம் நம் வீட்டில்தான் இருக்கும். உன் சித்தி எனக்கும் முன்னால் போய்விட்டாள், ஆனால் ஈரக் கோட்டுகள் வரிசையாகத் தொங்கியதில் வழி தெரியாமல் சிக்கிக்கொண்டாள், நான் குனிந்து நுழைந்து முதலில் போனை எடுத்துவிட்டேன். மேற்கொண்டு நடந்தது உனக்கே தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன், ஏனென்றால் அப்போது எனக்குப் பேச வரவில்லை, பேசாமலே இருந்ததற்கு நீ வேறு காரணம் நினைத்திருப்பாய். இராத்திரி வேலைக்கு மாற்றிவிட்டார்கள், எங்களுக்குக் காலையாகும்போது நீ தூங்குவாய், அதனால்தான் நீயும் செய்திகள் தானாகப் போகும்படி ஏற்பாடு செய்துவைத்தாய், எங்களிடமிருந்து சாப்பிட்டோம் கண்ணு என்று தினமும் வந்ததால் எழுந்ததும் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சரி என்று விட்டுவிட்டாய், ஆபீஸில் பச்சை விளக்கு எரிகிற இயந்திரத்தை விட்டுவிட்டு அடுத்ததைப் பார்ப்பது மாதிரி. இதையெல்லாம் நீ பிறகு சொன்னாய். முதலில் நீ கேட்டது அதுவல்ல. என் குரலைக் கேட்டதும், நான் அலோ என்றதும்,

"சித்தப்பா, சித்தி எங்க? ஒட்டகத்துல ஏறிப் போயிட்டாங்கன்னா என்ன அர்த்தம்? எங்கிட்ட நேராச் சொல்லுங்க. நான் இப்ப சின்னப் புள்ள இல்ல."

உன் அம்மா இறந்த அன்று, எங்கே எங்கே என்று நீ கேட்டுக்கொண்டே இருந்தபோது, வெள்ளைக் குதிரை ஒன்று வந்தது, அதன் மேல் ஏறிப் போயிருக்கிறாள், எப்போது திரும்புவாள் என்று தெரியவில்லை என்று சொன்னவன் நான்தான். இத்தனை வருஷமாக இந்த வீட்டில் அதை அப்படியேதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம், சொல்லிச் சொல்லி எனக்கு அது வெறும் குதிரையாகிவிட்டது. உனக்கு ஆகவில்லை. அந்த ஒற்றை விரலால் அரை நாள் தேடித் தேடி உனக்கு நான் என்ன எழுதி அனுப்பியிருக்கிறேன் என்று அந்தக் கோட்டுகளுக்கு நடுவில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் பதில் சொல்வதை நிறுத்தியதும் நீ செய்திகளை மேலே தள்ளிப் பார்த்து, ஒட்டகத்தைப் பார்த்து, எங்களைக் கூப்பிட்டால் அதே அம்மணி வந்து உன்னிடமும் தொடர்புகொள்ள முடியவில்லை என்று சொல்லியிருக்கிறாள். நாங்கள் இங்கே அவளிடம் கெஞ்சியதும் நீ அங்கே அவளிடம் அழுததும் ஒரே வாரத்தில்தான் இருக்கும், ஒரு வார்த்தை சொல்லவில்லை பார். அதன் பிறகு அலமாரியைக் கவிழ்த்து, அந்தக் கறுப்புக் கோட்டின் காலரில் இன்னும் குத்தியிருந்த லாண்டிரிச் சீட்டில் கடை நம்பரைத் தேடி எடுத்திருக்கிறாய். சீட்டைக் கழற்றாமல் கோட்டைப் போட்டுக்கொண்டு திரிவதற்காக உன்னை எத்தனை தடவை திட்டியிருக்கிறேன். இனி திட்ட மாட்டேன். அந்தச் சீட்டு அங்கேயே இருக்கட்டும்.

நான் வாயைத் திறக்கவில்லை என்பதால் நீ விம்ம ஆரம்பித்தாய், அதற்குள் சித்தி ஒரு ஓவர்கோட்டைத் தலையில் சுமந்தபடி வெளியே வந்து போனைப் பிடுங்கி, என்னடி, நான் இங்கதான் இருக்கேன், அந்த மனுஷன் பேச்சையெல்லாம் நீ இன்னுமா நம்புற என்றாள். அந்தப் பக்கம் உன் மூச்சு நின்று, திரும்ப வந்து, சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் ஒரு சத்தம் வந்ததே, அதைப் பக்கத்திலிருந்து நானும் கேட்டேன், லாண்டிரிக்காரரும் கேட்டார், கேட்காதவர் போல அந்தச் சட்டைக் கையையே மறுபடி மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தார். நடந்ததையெல்லாம் நீ சொல்லி முடித்து, உன் சித்தி என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்க ஆரம்பித்த நேரத்தில் வெளியே மஞ்சள் யானை மறுபடி குனிந்தது, லைன் போய்விட்டது. எங்கள் தெருவின் மறுபக்கத்தையும் கடித்துவிட்டார்களாம். ஆகையால் பாதியில் விட்ட பேச்சைப் பாதியில் விட்ட இந்தக் கடிதத்திலேயே முடிக்கிறேன்.

சாயங்காலம் டாக்டர் கடைக்குப் போய் விவரத்தைச் சொன்னேன். அழுகிற குரலைக்கூட இப்போது செய்துவிடுகிறார்கள் சார் என்று லென்ஸ் வழியாகவே சொன்னார். இருக்கட்டும். நான் மத்தியானத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும், அதில் ஒருத்தி கோட்டுக்குள் சிக்கியிருந்தாள். அது மட்டுமில்லை, உன் குரல் அந்தப் பக்கம் போய், இந்தப் பக்கம் வந்து, எங்கேயும் நிற்காமல் ஆடியது. நான் சோதித்த தராசுகளில் இப்படி ஆடிய முள்ளை நான் பார்த்ததில்லை. மற்றபடி என் சந்தேகம் எதையும் நான் கைவிடவில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். தண்ணீர்ச் செய்தியை நம்பவில்லை, பஸ் திரையை நம்பவில்லை, அம்மணியை ஒருநாளும் நம்பமாட்டேன், புதுப் பூட்டைக் கழற்றிச் சாவி போடுகிற பழைய பூட்டையே மாட்டிவிட்டேன். ஒட்டகம் மாதிரிச் சேதிகளை இனி எழுத்தில் அனுப்புவதில்லை என்று சித்தியின் தலையில் கைவைத்துச் சொல்லியிருக்கிறேன், அவள் நம்பவில்லை.

உன்னிடம் கேட்பது ஒன்றே ஒன்று. அந்தக் காலைச் செய்தியை நிறுத்திவிடு. தினமும் கேட்க வேண்டாம். இராத்திரி முழுக்க விழித்திருந்துவிட்டு வருகிறவள் நிம்மதியாகத் தூங்கு, எங்களை மறந்துவிடு. அப்படி மறந்திருக்கும்போது, பஸ்ஸில் நின்றுகொண்டோ ரொட்டியை வாயில் திணித்துக்கொண்டோ இருக்கும்போது, ஐயோ சித்தப்பாவைக் கேட்டு நாளாச்சே என்று திடீரென்று ஒருநாள் தோன்றும், அப்போது கேள். நேரங்கெட்ட நேரமாக இருந்தாலும் பரவாயில்லை, எழுத்துப்பிழை இருந்தாலும் பரவாயில்லை, கேள்வியே இல்லாமல் சித்தப்பா என்று மட்டும் இருந்தாலும் போதும். நானும் ஒற்றை விரலால் தேடித் தேடிப் பதில் எழுதுவேன், வருவதற்கு அரை நாள் ஆகும், பதறாமல் காத்திரு. எங்களிடமிருந்து உடனே பதில் வந்தால்தான் நீ பயப்பட வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். இராத்திரி வேலையில் டீயைக் குறை. நீ காவல் காக்கிற இயந்திரங்கள் ஒன்றுகூடக் கெடாமல் இருக்கட்டும், கெட்டால் அங்கேயும் ஒரு சித்தி தரையில் உட்கார்ந்திருப்பாள் என்பதை மறக்காதே. என் ஆயுளில் பாதியை உனக்குக் கொடுத்து மீதியைச் சித்திக்குக் கொடுத்து வெறுங்கையோடு வாழ்த்துகிறேன், நல்லா இரு கண்ணு. மறக்காமல் கோழிக் கிறுக்கலில் பதில் போடு.

இப்படிக்கு,
நாட்டிலுள்ள அத்தனை தராசுகளையும் சந்தேகப்பட்டுக் களைத்த
உன் சித்தப்பா

(ஓரத்தில், வேறு கையெழுத்தில்)

மேசைவிரிப்பைப் பார்த்துவிட்டேன். அதற்காக இவரிடம் பேசுவதில்லை. நீ கவலைப்படாதே, நான் எதன் மேலும் ஏறி எங்கேயும் போகவில்லை, இங்கேதான் இருக்கிறேன். சித்தி.